மாமன் தோள்

ஜூன் 2

உடற்பயிற்சி கோச் தீபன் டைரி எழுதச் சொல்கிறான். முப்பது வயதுகூட இருக்காது. காலை ஆறு மணிக்குக் கைபேசிக்குள் வந்து நின்றுகொண்டு, "சார், மோட்டிவேஷனை வெளியில தேடாதீங்க. அது உள்ளதான் இருக்கு. டெய்லி எழுதிட்டு வாங்க, தானா வெளிய வரும்" என்கிறான். எனக்கு உள்ளே தேட வேண்டிய சிரமம் இல்லை. என்னுடைய மோட்டிவேஷன் பெங்களூரிலிருந்து வந்தது. பெயர் ரகுராமன்.

நேற்று என் தங்கை கோமளாவின் பெண் மைத்ரேயிக்கு நிச்சயதார்த்தம். கல்யாணம் ஆவணியில். எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போடும்போது பேச்சு மாலை மாற்றலுக்கு வந்தது. எங்கள் கல்யாணங்களில் பெண்ணை அவளுடைய தாய்மாமனும், பிள்ளையை அவனுடைய தாய்மாமனும் தோளில் தூக்கிக்கொள்ள வேண்டும். இரண்டு பேரும் மேலே இருந்தபடி மாலை மாற்றிக்கொள்வார்கள். பிள்ளையின் மாமன் இந்த ரகுராமன். நாற்பதைத் தாண்டியவன், ஆனாலும் சட்டைக் கையைப் பிய்த்துக்கொண்டு வரும் புஜம். பெண்ணின் மாமன் நான். ஒரே மாமன்.

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "சார், நீங்கோ சிரமப்படாதீங்கோ. ரெண்டு பக்கமும் நானே தூக்கிடறேன்" என்றான். கூடமே சிரித்தது. அத்தோடு விட்டானா? "பேரே பஞ்சு. பஞ்சை நாம தூக்கலாம், பஞ்சு யாரைத் தூக்கும்?" என்றான்.

என் முழுப்பெயர் பஞ்சாபகேசன், திருவையாற்று ஈசனின் பெயர். அதை நான் சொல்லத் தொடங்குவதற்குள் எல்லாரும் சிரித்து முடித்து அடுத்த வெற்றிலைக்குப் போய்விட்டார்கள். என் மனைவி வத்சலாவும் சிரித்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தாள். ஆனால் சிரித்தாள். அதை நான் மறக்கப் போவதில்லை.

எனக்குப் பிள்ளைகுட்டி கிடையாது. ஐம்பத்தெட்டு வயதில் ஆபீசிலிருந்தும் ஒரு சந்தன மாலையைப் போட்டு அனுப்பிவிட்டார்கள். ஒரு மேடையில் சாஸ்திரிகள் "தாய்மாமா எங்கே? கூப்பிடுங்கோ" என்று என்னைத் தேடப் போகிற ஒரே நாள் அதுதான். அன்று நான் ஓரமாக நின்று அட்சதை போட மாட்டேன். தூக்குவேன்.

மைத்ரேயி சற்றே பூசினாற்போல் இருப்பாள். 'சற்றே' என்பது மரியாதைக்கு.

ஜூன் 3

இருபது ஸ்குவாட் செய்யச் சொன்னான். ஏழு செய்தேன். எட்டாவதற்கு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. வத்சலா கை கொடுத்துத் தூக்கினாள். சிரித்தாயா என்றேன். இல்லை என்றாள்.

ஜூன் 5

நிச்சயதார்த்தப் படங்களில் ரகுராமன் பல்லைக் காட்டுகிற படம் ஒன்று இருந்தது. கடையில் கொடுத்து அச்சடித்து வந்து ஹால் பீரோவில் ஒட்டினேன். தரையில் முழங்கை ஊன்றிப் பிளாங்க் போட்டு, இனி முடியாது என்கிறபோது தலையை நிமிர்த்திப் பார்க்கிறேன். இன்னும் கொஞ்ச நேரம் தாங்குகிறது. தீபன் உள்ளே தேடச் சொன்னான். பாவம், சின்னப் பையன். வெறுப்பைப் போல ஒரு சத்துணவு கிடையாது என்பது அவனுக்கு எங்கே தெரியப் போகிறது?

"கண்ட மனுஷா படத்தையெல்லாம் எதுக்கு ஒட்டறேள்? ஸ்வாமி படம் இருக்கிற பீரோ" என்றாள் வத்சலா. ஸ்வாமி என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லையே என்றேன்.

ஜூன் 9

"வீட்டுல இருக்கிற சாமான்தான் சார் ஜிம்" என்றான் கோச். சமையலறை மூலையில் கேஸ் சிலிண்டர் இருந்தது. பிடித்தேன். மார்பு வரை வந்தது. தோள்மேல் ஏறியது! ஹாலுக்குக் கொண்டு வந்து ரகுராமன் முன்னால் நின்று காட்டினேன். ஒரு வாரத்தில் இவ்வளவு பலமா என்று எனக்கே ஆச்சரியம். வத்சலா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

"ஏன்னா, அது காலி சிலிண்டர். ரொம்பினது அடுப்புல மாட்டியிருக்கு."

தூக்குவதற்கு முன்னால் சொல்லியிருக்கலாம். தூக்கி, நடந்து, பெருமைப்பட்டு முடித்த பிறகுதான் சொல்வாள். அது அவள் சுபாவம்.

ஜூன் 11

நம்பகமான பாரம் ஒன்று கிடைத்துவிட்டது.

நிச்சயதார்த்தத்தன்று மைத்ரேயியின் ரவிக்கை போட்டுக்கொள்ளும்போதே கைப்பக்கம் கிழிந்துவிட்டது. வத்சலா தன் பெட்டியிலிருந்து மாம்பழ நிறப் பட்டு ரவிக்கையை எடுத்துக் கொடுத்தாள். அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது. இன்று குளிக்கும்போது அது ஞாபகம் வந்தது. மாமியும் மருமாளும் ஒரே அளவு என்றால், மாமியைத் தூக்குகிறவன் மருமாளைத் தூக்குவான். கணக்கு நேராக இருக்கிறது. சிலிண்டர் மாதிரி நாளுக்கு நாள் காலியாகிற சாமானும் இல்லை. கல்யாணமான வருஷத்திலிருந்து நான் அவளை அண்டா என்றுதான் கூப்பிடுகிறேன். பிரியமாகத்தான்.

"என்னையா? இந்த வயசுலயா? எதிராத்துக்காரா பார்த்தா சிரிப்பா" என்றாள்.

"திரையை இழுத்து விடு. சிரிக்க வேண்டியதெல்லாம் நிச்சயதார்த்தத்தன்னிக்கே சிரிச்சாச்சே" என்றேன்.

போய்த் திரையை இழுத்து விட்டாள்.

ஜூன் 12

முறை இதுதான். அவள் கட்டில்மேல் நிற்க வேண்டும். நான் முதுகைக் காட்டிக் குனிந்து நிற்பேன். அவள் என் வலது தோளில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நான் நிமிர்ந்து, ஹாலைத் தாண்டிப் பால்கனிக் கதவு வரை போய்த் திரும்ப வேண்டும்.

இன்று நிமிரவே முடியவில்லை. இரண்டு பேரும் கட்டிலிலேயே விழுந்தோம். "அண்டா, என்னத்தைடீ திங்கறே?" என்று கத்தினேன். அவள் புடவையைச் சரிசெய்துகொண்டு எழுந்து போனாள். மத்தியானம் சாப்பிடவில்லை. கோபம்.

ஜூன் 21

நிமிர்ந்தேன்! இரண்டு அடி நடந்தேன். கழுத்து நரம்பு வெடித்துவிடும்போல் இருந்தது. ரகுராமன் படத்தைப் பார்த்தேன், மூன்றாவது அடியும் வந்தது.

ஜூன் 26

பட்டு வழுக்கும். கல்யாணத்தன்று மைத்ரேயி பட்டுதான் கட்டியிருப்பாள். ஆகவே இனிமேல் தினமும் காலையில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வரும்படி சொல்லிவிட்டேன். "விடிகாலையில பட்டைக் கட்டிண்டு நான் எந்தக் கல்யாணத்துக்குப் போறேன்?" என்றாள். கேள்விக்குக் குறைச்சல் இல்லை.

ஜூலை 1

பால்கனிக் கதவு வரை போய்த் திரும்பினேன். இந்தத் தேதியை இரட்டைக் கோடு போட்டு வைக்கிறேன். சென்ற வாரம் கல்லாக இருந்தவள் இன்று லேசாக இருந்தாள். பலம் என்பது இப்படித்தான் வருமாம், திடீரென்று. தீபனிடம் சொன்னேன். "சூப்பர் சார்! வெயிட் அதேதான், நீங்கதான் மாறிட்டீங்க" என்றான். நல்ல வாக்கியம். அப்படியே எழுதி வைக்கிறேன்.

வெயிட் அதேதான். நான்தான் மாறிவிட்டேன்.

ஜூலை 4

நேற்றைவிட லேசாக இருந்தாள்.

ஜூலை 7

கோமளாவுக்குப் போன் செய்து மைத்ரேயிக்கு ராத்திரி இரண்டு இட்லிக்கு மேல் போடாதே என்றேன். என் பக்கம் நான் உழைக்கிறேன், அவர்கள் பக்கமும் ஏதாவது செய்யட்டுமே. ஸ்பீக்கரில் போட்டிருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது. மைத்ரேயியே பேசினாள்.

"மாமா, என்னை யாரும் தூக்க வேண்டாம். நான் நின்னுண்டே மாலை போட்டுக்கறேன்."

"நன்னாயிருக்கு! பொண்ணு குண்டு, மாமனால தூக்க முடியலேன்னு ஊர் பேசறதுக்கா?"

"நீங்கதான் மாமா பேசறேள். ஊர் ஒண்ணும் பேசலே."

அழுதாள்போல் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் பெண்கள் அழுவது வழக்கம்தான். போனை வைத்த பிறகு வத்சலா, "அவ உங்களுக்கு மருமாளா, அரிசி மூட்டையா?" என்றாள். எனக்கு லஞ்சஸ் என்கிற கால் பயிற்சிக்கு நேரமாகிவிட்டது.

ஜூலை 12

நடந்துகொண்டே அடிகளைச் சத்தமாக எண்ணுவேன். மேலேயிருந்து, "ஏன்னா, சாப்பாடே எறங்க மாட்டேங்கறது. தொண்டைக்குக் கீழ போனா அடைச்சாப்ல..." என்று ஆரம்பித்தாள். பேசாதே, எண்ணிக்கை தப்பிவிடும் என்றேன். தப்பித்தான் போயிற்று. முதலிலிருந்து நடக்க வேண்டியதாகிவிட்டது.

பிறகு நானே யோசித்துச் சொன்னேன்: ராத்திரி சாப்பிடாமல் இருப்பது நல்லதுதான், தீபனும் அதைத்தான் சொல்கிறான்.

ஜூலை 18

கோவிலுக்குப் போய்வருகிறேன் என்று காலையில் போனவள் பன்னிரண்டு மணிக்குத்தான் வந்தாள். கையில் பிரசாதம் இல்லை. முழங்கை மடிப்பில் ஒரு சிறு பஞ்சை வைத்துப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. ரத்தம் எடுத்தார்களா என்றேன். ஆமாம் என்றாள். ஏதாவது இலவச முகாமாக இருக்கும். இந்தப் பெண்களுக்கு இலவசம் என்றால் ரத்தத்தையும் கொடுப்பார்கள். சர்க்கரையாகத்தான் இருக்கும், இனிப்பைக் குறை என்றேன்.

ஜூலை 21

நேற்றைவிட லேசு. இப்போதெல்லாம் ஒரு தடவைக்கு மூன்று தடவை போய் வருகிறேன்.

இன்றும் தோள்மேல் ஏறியதும், "ஒண்ணு சொல்லணும்" என்றாள். எண்ணிக்கொண்டிருந்தேன். இறங்கியதும் சொல் என்று கையால் காட்டினேன். இறங்கியதும் சொல்லவில்லை. மறந்திருப்பாள்.

ஜூலை 30

எதிர் வீட்டு பத்மினி படியில் பார்த்து, "மாமி, எப்படி இளைச்சுட்டேள்! என்ன ரகசியம்?" என்று கேட்டாள். நானும்தான் நின்றுகொண்டிருக்கிறேன், என் இடுப்புப் பட்டை ஒரு துளை உள்ளே போயிருக்கிறது, அது கண்ணில் படவில்லை. எல்லாம் என் பயிற்சி என்றேன். ஸ்குவாட்டைப் பற்றிக் கொஞ்சம் விளக்கினேன். வத்சலா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, "ஆமாம், இவர் எக்சர்சைஸ் பண்றார், நான் இளைக்கறேன்" என்றாள். பத்மினி விழுந்து விழுந்து சிரித்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வத்சலா ஒரு நல்ல ஜோக் சொல்லி நான் கேட்டது இதுதான்.

ஆகஸ்ட் 3

தோளில் எலும்பு குத்துகிறது. முன்பெல்லாம் மெத்தென்று இருந்த இடம். தீபனிடம் சொன்னேன். "கொழுப்பு கரைஞ்சு எலும்பும் மசிலும் மேல வருது சார். அதுக்குப் பேரு டெஃபனிஷன்" என்றான். கண்ணாடியில் பார்த்தேன். வெளியில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. வரும்.

ஆகஸ்ட் 8

இன்று நடக்கும்போது காதுக்குப் பின்னால் சுருக்கென்று எதுவோ குத்தியது. இறக்கிவிட்டுப் பார்த்தால் ரவிக்கையில் ஊக்கு. ஒன்றல்ல, பக்கவாட்டில் வரிசையாக நான்கைந்து. "ஏன்டீ இப்படிக் குத்தி வெச்சிருக்கே? தையல்காரன் செத்தா போயிட்டான்?" என்றேன்.

"ரெண்டு தடவை பிடிச்சுக் குடுத்துட்டான். இதுக்கு மேல பிடிச்சா துணி நிக்காதுங்கறான்" என்றாள்.

தெருமுனைத் தையல்காரன் என்றைக்கு ஒழுங்காகத் தைத்தான்? வேறு ஆளைப் பார் என்றேன்.

ஆகஸ்ட் 15

தீபன் படம் கேட்டான். மாம்பழ நிற ரவிக்கையோடு அவளைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு நின்றேன். பத்மினி எடுத்துக் கொடுத்தாள். அவன் அதைத் தன் இணையப் பக்கத்தில் போட்டுவிட்டான்: 'ஐம்பத்தெட்டு வயதில் மனைவியைத் தோளில் சுமக்கும் சார்! உங்களுக்கு என்ன சாக்கு?' யார் யாரோ இதயம் போட்டிருக்கிறார்கள். ஒருத்தி மட்டும், 'அந்த அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?' என்று எழுதியிருந்தாள். பொறாமை எந்த உருவத்தில் வேண்டுமானாலும் வரும்.

ஆகஸ்ட் 22

பூவைத் தூக்குவதுபோல் தூக்கினேன். இப்போது ரகுராமன் படத்தைப் பார்க்கக்கூடத் தேவையில்லை. அவனைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கிறது.

வத்சலா காலை வேலை முடிந்ததும் படுத்துவிடுகிறாள். சமையல் ரசமும் அப்பளமுமாக நிற்கிறது. கேட்டால், "கல்யாணம் முடியட்டும்" என்கிறாள். அவளுக்குச் சோம்பல் பிடித்துவிட்டது. நான் மட்டும் உழைத்து என்ன பிரயோஜனம்?

செப்டம்பர் 3

நாளை முகூர்த்தம். சத்திரத்து அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மாலையில் மாப்பிள்ளை அழைப்பு. ரகுராமன் வந்து, "என்ன சார், நாற்காலிக்குச் சொல்லிடட்டுமா?" என்றான். நான் அவன் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினேன். "உனக்கு வேணும்னா ஒண்ணு போட்டுக்கோ" என்றேன். அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

மைத்ரேயியையும் பார்த்தேன். இட்லியைக் குறைத்ததாகத் தெரியவில்லை. கவலை இல்லை. ஒரே அளவு ரவிக்கை. ஒரே பாரம். இந்தப் பாரம் என் தோளுக்குப் பழக்கம்.

வத்சலா சாப்பிடாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். "நாளைக்கு என்னைப் பாரு" என்றேன். "பார்க்கத்தானே வந்திருக்கேன்" என்றாள்.

செப்டம்பர் 4

எழுதப் பிடிக்கவில்லை.

செப்டம்பர் 6

எழுதித்தான் தீர வேண்டும்.

காசி யாத்திரை முடிந்தது. சாஸ்திரிகள் கூப்பிட்டார். "பொண்ணுக்குத் தாய்மாமா வாங்கோ!" நான் நினைத்தபடியே எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வேஷ்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு போனேன். மைத்ரேயி மணையில் ஏறி நின்றிருந்தாள். "மாமா, வேண்டாமே" என்று மெல்லச் சொன்னாள். குனிந்து தோளைக் கொடுத்தேன். நாதஸ்வரம் உச்சத்தில் இருந்தது.

அவள் உட்கார்ந்தாள்.

அந்தப் பாரத்தை நான் வாழ்நாளில் பார்த்ததில்லை. யாரோ இரண்டு பேர் சேர்ந்து ஏறிக்கொண்டார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். அவள் மட்டும்தான் இருந்தாள். எதிரே ரகுராமன் தன் மருமானைக் குடத்தைப்போல் தூக்கிக்கொண்டு சிரித்தபடி வந்தான். நான் நிமிர்ந்தேன். பாதி நிமிர்ந்தேன். ஒரு அடி வைத்தேன். இடது முட்டி என்னைக் கேட்காமல் மடங்கியது. பிறகு நாங்கள் இருவரும் தரையில் இருந்தோம். மாலை அறுந்து என் கழுத்தில் கிடந்தது. மைத்ரேயியின் நெற்றிச்சுட்டி கண்ணுக்குக் கீழே கிழித்து ரத்தம் வந்தது.

ரகுராமன் மருமானை இறக்கிவிட்டு வந்தான். மைத்ரேயியை எழுப்பித் தன் தோளில் ஏற்றிக்கொண்டான். பிள்ளையை வேறு யாரோ தூக்கினார்கள். சொன்னபடியே செய்துவிட்டான். "பஞ்சு சார், பரவாயில்லே, உக்காருங்கோ" என்றான். யாரோ எனக்கு ஒரு நாற்காலியைக் கொண்டு வந்து போட்டார்கள். வீடியோக்காரன் எல்லாவற்றையும் எடுத்தான்.

தோளில் இருந்தபடியே மைத்ரேயி என்னைப் பார்த்து, "நான்தான் அப்பவே சொன்னேனே மாமா" என்றாள். அவள் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் எல்லாருக்கும் கேட்டது.

முகூர்த்தம் முடிந்ததும் அறைக்குப் போனேன். வத்சலா புடவை மாற்றிக்கொண்டிருந்தாள். கோமளா உதவிக்கு நின்றிருந்தாள். என் ஆத்திரத்துக்கு வத்சலாதான் கிடைத்தாள்.

"உன்னை மூணு மாசமா தூக்கினேனே! உன்னைத் தூக்கினவனுக்கு அவளை ஏன் தூக்க முடியலே? நீ என்ன பண்ணினே?"

கோமளாவின் கையில் மாம்பழ நிற ரவிக்கை இருந்தது. உள்பக்கம் முழுக்க ஊக்கு. ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி அதை விரித்துப் பிடித்தாள். விரித்த ரவிக்கைக்கும் எதிரில் நின்றவளுக்கும் சம்பந்தமே இல்லை. "மன்னி, என்ன இது?" என்று அழ ஆரம்பித்தாள். நான் அப்போதுதான் வத்சலாவைப் பார்த்தேன். கழுத்தெலும்பு, தோள்பட்டை, கை. தினமும் தோளில் வைத்துக்கொண்டதால் அவளை எதிரே நிற்க வைத்துப் பார்த்து எத்தனையோ நாளாகிவிட்டது.

"அன்னிக்குச் சொன்னேனே, காலி சிலிண்டர்னு" என்றாள் வத்சலா. "இதுவும் அதேதான். உங்களுக்குப் பலம் வரலே. எனக்குத்தான் எடை போச்சு."

"ஏன் சொல்லலே?"

அவள் அவசரப்படாமல் முந்தானையைச் செருகிக்கொண்டாள்.

"தெனமும் தூக்கித் தோள்ல வெச்சுக்கறவர், எப்போ கண்டுபிடிக்கறார்னு பார்த்துண்டிருந்தேன்."

செப்டம்பர் 9

ஆஸ்பத்திரி. இரைப்பையில் கட்டி. கல்லீரலுக்கும் போய்விட்டதாம். ஜூலையிலேயே வேறொரு டாக்டர் எண்டோஸ்கோப்பி செய்யச் சொல்லி எழுதிக் கொடுத்த சீட்டை வத்சலா பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். ரத்தம் எடுத்த அன்றைய தேதி.

"அப்பவே ஏம்மா பண்ணலை?" என்றார் டாக்டர்.

"ஆத்துல கல்யாணம். இவருக்கு ப்ராக்டீஸ் இருந்தது" என்றாள்.

டாக்டர் என்னிடம் திரும்பினார். "எப்பலேர்ந்து சார் இளைக்கிறாங்க?"

"கவனிக்கலே டாக்டர்" என்றேன்.

ஜூலை முதல் தேதி. இரட்டைக் கோடு போட்டு வைத்திருக்கிறேன். வத்சலா என்னைப் பார்த்தாள். காட்டிக்கொடுக்கவில்லை.

செப்டம்பர் 13

ரகுராமன் படத்தைப் பீரோவிலிருந்து கிழித்தேன். பாதிதான் வந்தது. பல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மைத்ரேயி கணவனோடு வந்து மாமியைப் பார்த்துவிட்டுப் போனாள். கண்ணுக்குக் கீழே தழும்பு. என்னிடம் பேசவில்லை. போகும்போது மாம்பழ நிற ரவிக்கையை, "ஞாபகமா வெச்சுக்கறேன் மாமி" என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். வத்சலா, "எடுத்துக்கோ, உனக்குத்தான் சரியா இருக்கும்" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் பால்கனிக்குப் போய் நின்றுகொண்டேன்.

செப்டம்பர் 20

தீபனின் பக்கத்தில் எங்கள் படம் இன்னும் ஓடுகிறது. கோமளாவின் சம்பந்தி வீட்டிலிருந்து யாரோ அதையும் நான் விழுந்த வீடியோவையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக் குடும்பக் குழுவில் போட்டிருக்கிறார்கள். நானும் பார்த்தேன். வீடியோவை விரைவாகத் தாண்டிவிட்டேன். படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். அவள் கீழே குனிந்து என் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கண்ணுக்குக் கீழே குழி. உடம்பு சரியில்லையா என்று எழுதிய அந்தப் பெயர் தெரியாத பெண்ணுக்கு ஒரே பார்வையில் தெரிந்திருக்கிறது.

தீபனிடம் படத்தை எடுக்கச் சொன்னேன். "சார், அதுதான் சார் நம்ம பக்கத்துல பெஸ்ட் மோட்டிவேஷன்" என்றான்.

அக்டோபர் 2

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். என்ன அர்த்தம் என்று இருவருக்கும் தெரியும். குடியிருப்பில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூன்று மாடி. காவலாளி நாற்காலி கொண்டு வரவா என்றான். "வேண்டாம்பா. இவர் பழகினவர்" என்றாள் வத்சலா.

தூக்கிக்கொண்டு ஏறினேன். எங்கும் நிற்கவில்லை. மூச்சு வாங்கவில்லை. வாங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பத்மினி கதவைத் திறந்து பார்த்தாள், உடனே மூடிக்கொண்டாள்.

"பெங்களூர் மாமா பார்த்தா பொறாமைப்படுவார்" என்றாள் தோளிலிருந்து. எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. அழுகை வந்தது. அழுதேன். "படியைப் பார்த்து ஏறுங்கோ" என்றாள்.

அக்டோபர் 11

குளியலறைக்கு அவளால் நடக்க முடியவில்லை. கையில் ஏந்திக்கொண்டு போகிறேன். "முட்டியை மடக்கி எழுந்திருங்கோ, முதுகை நேரா வெச்சுக்கோங்கோ" என்கிறாள். கோச் சொன்னதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். எனக்குத்தான் ஒன்றும் ஞாபகம் இல்லை.

பழக்கதோஷம், அடிகளை எண்ண ஆரம்பித்துவிட்டேன்.

"எண்ணாதீங்கோ" என்றாள். நிறுத்தினேன். ஹாலுக்கு நடுவில் அவளை ஏந்திக்கொண்டு நின்றேன்.

"அன்னிக்கு என்னமோ சொல்லணும்னியே. சொல்லு. இப்போ கேட்கறேன்."

கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மறந்துபோச்சு. நடங்கோ" என்றாள்.

அக்டோபர் 12

தூக்கினேன். நேற்றைவிட லேசாக இருந்தாள்.